தாய்ச் சிலந்தியும் குஞ்சுகளும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளின் ஆயுளைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதுகையில், அவற்றுள் சில இனங்களில் தாயும் குஞ்சுகளும் மாதக்கணக்கில் ஒரே வளையில் சேர்ந்து வாழ்கின்றன என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகையால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சொகோத்ரா தீவைச் சேர்ந்த நீலக்கால் டாரன்டுலா ஒன்று என்னிடம் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. ஆண் சிலந்தியுடன் சேர்த்த சில மாதங்களில் அது முட்டைப்பை கட்டியிருக்கிறது. முப்பதாம் நாள் பையைத் தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எடுக்காதே, தாயே வளர்க்கும் என்று மற்றொருவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: உங்களிடம் இருக்கும் இனத்துக்கு இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். முதலாமவர் சொல்வதும் தவறில்லை, அது வேறு இனங்களுக்குப் பொருந்தும் அறிவுரை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

டாரன்டுலாக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. குஞ்சுகள் பையைவிட்டு வெளியே வந்து, சில நாட்கள் வளையின் வாயில் மொய்த்திருந்துவிட்டு, ஆளுக்கொரு திக்காகக் கலைந்துபோகும். பிரேசிலைச் சேர்ந்த லாசியோடோரா பராஹிபானா போன்ற இனங்கள் ஒரே பையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளை ஈனுகின்றன. அத்தனை குஞ்சுகளும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கலைந்துபோக இடமின்றி அடைபட்டால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும் என்பதாலும், பதற்றமுற்ற தாய் பையையே தின்றுவிடக்கூடும் என்பதாலும், அவ்வினங்களை வளர்ப்போர் ஏறக்குறைய நான்காம் வாரத்தில் பையை எடுத்துத் தனியே அடைகாக்கிறார்கள்.

மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபோரி என்னும் உங்கள் சிலந்தியின் கதை வேறு. ஏமன் நாட்டுக்குச் சொந்தமான சொகோத்ரா, அரபிக்கடலில் ஆப்பிரிக்கக் கொம்புக்கு அருகே கிடக்கும் வறண்ட தீவு. 1880இல் அங்கே சென்று செடிகொடிகளைத் திரட்டிய ஐசக் பெய்லி பால்ஃபோர் என்ற தாவரவியலாளரின் பெயரை இந்தச் சிலந்திக்கு இட்டு, 1897இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். பாறையிடுக்கும் மண்வளையும்தான் அதன் வீடு. இந்த இனம் ஒரு பையில் இடுவது சில பத்து முட்டைகளே, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. குறைவாகப் பெற்றுக் கூடுதலாகப் பேணும் வழி இது. நிழலும் ஈரமும் அரிதான நிலத்தில், நல்ல வளை ஒன்றை விட்டுப் பிள்ளைகளை வெளியே துரத்துவதைவிட உள்ளேயே வைத்துக்கொள்வது இலாபம் என்பதே இதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பையை எடுத்துவிட்டால் தாய் செய்கிற வேலை முழுவதையும் நீங்கள் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உள்ளே முட்டைகள் ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் உள்ளவை நசுங்கியும் ஒட்டிக்கொண்டும் பூஞ்சை பிடித்தும் போகும். தாய் இதைத் தடுக்கிறது. நான் இங்கிலாந்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் இதே இனத்தை வளர்த்தேன். சிவப்பு ஒளியைச் சிலந்திகள் அவ்வளவாக உணர்வதில்லை என்பதால், சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்குடன் பல இரவுகள் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பையின்மேல் முன்னிரு கால்களை ஊன்றி, வாயருகே உள்ள குறுங்கால்களால் அதைச் சிறிது சிறிதாக உருட்டி, நின்று, மறுபடி உருட்டும். வெயில் அதிகமான நாட்களில் வளையின் ஆழத்துக்குப் பையோடு இறங்கிவிடும். அந்தக் கவனத்தை எந்த அடைகாப்புப் பெட்டியாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆனால் தாயிடம் விடுவது என்று முடிவு செய்தால் முழுவதுமாக விட வேண்டும். என் முதல் பை போனது என்னுடைய தவற்றினால்தான். பதினேழாம் நாள், சன்னலோரத்தில் குளிர் அதிகம் என்று நினைத்துப் பெட்டியை அலமாரிக்கு மாற்றினேன். மாற்றுகையில் பெட்டி ஒருமுறை அலமாரியின் விளிம்பில் இடித்தது, அவ்வளவே. மறுநாள் காலை வளைவாயில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிய பட்டுத் துணுக்கு ஒன்று கிடந்தது, பை இல்லை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். அன்று முதல், முட்டைப்பை உள்ள பெட்டியை நகர்த்துவதில்லை, மூடியைத் தேவையின்றித் திறப்பதில்லை, அருகே ஒலிபெருக்கி வைப்பதில்லை என்பவற்றை விதியாகவே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை குறைவு. தண்ணீர்க் கிண்ணம் வற்றாமல் இருக்கட்டும். காய்ந்த மண்ணின் ஒரு மூலையில் மட்டும் வாரம் ஒருமுறை சிறிது நீர் ஊற்றுங்கள், பெட்டி முழுவதையும் நனைக்க வேண்டாம். 25 முதல் 28 பாகை வரை சூடு போதும். பை காக்கும் தாய் பல வாரம் உண்ணாமல் இருக்கக்கூடும், அதனால் கவலைப்படாதீர்கள். வாரம் ஒருமுறை சிறிய சுவர்க்கோழி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் உயிரோடு அலைந்தால் எடுத்துவிடுங்கள்.

பைக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டை வெடித்து வெளிவருவது உடனே சிலந்தியாகத் தோன்றாது. மஞ்சள் முட்டைக்குக் கால் முளைத்தாற்போல அசையாமல் கிடக்கும். பிறகு தோலுரித்து உருவம் பெறும். அப்போதும் வயிற்றில் உள்ள மஞ்சள் கருவைக் கொண்டே வாழும். மறுபடி தோலுரித்து, இரை பிடிக்கும் வலு வந்த பிறகே தாய் பையைக் கிழித்து வழிவிடும். இதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகலாம். முப்பதாம் நாளில் ஒன்றும் நடக்கவில்லையே என்று பொறுமை இழந்து கிளறிவிடாதீர்கள்.

கேள்வி: இணை சேர்த்தவுடன் பெண் ஆணைத் தின்றுவிடும் என்கிறார்களே? அதற்கு அஞ்சியே இரண்டு ஆண்டுகளாக என் சிலந்திகளைச் சேர்க்காமல் இருக்கிறேன்.
வாசகி, பாரிஸ்

பதில்: நடப்பதுண்டு, ஆனால் கதைகளில் சொல்லப்படும் அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை. நடக்கும்போதும் பெரும்பாலும் பெண்ணின் பசியோ, ஆண் விலகி ஓட இடம் இல்லாத பெட்டியோ காரணமாக இருக்கும். இணைசேர்ப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பெண்ணுக்கு வயிறு நிறைய இரை கொடுங்கள். பெட்டியில் ஆண் ஏறித் தப்ப ஒரு மரப்பட்டை சாய்ந்திருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது காலம். ஆண் தன் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகே முதிர்ச்சி அடைகிறது. அதன் வாயருகே உள்ள குறுங்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உருண்டிருப்பதைக் கொண்டு இதை அறியலாம். பிறகு அது சிறிய வலை ஒன்றைத் தாழப் பின்னி, அதில் விந்துத் துளியை இட்டு, அந்தக் குறுங்கால் நுனிகளில் உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். இதைச் செய்து முடித்த ஆணே இணை சேரத் தகுதி உள்ளது. பெண்ணின் பக்கத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது அதன் தோலுரிப்புத் தேதி. டாரன்டுலாப் பெண் வளர்ந்த பிறகும் தோலுரிக்கும். அப்போது விந்தைச் சேமித்து வைக்கும் பையின் உட்தோலும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. தோலுரிக்கப் போகும் பெண்ணோடு ஆணைச் சேர்த்தால் எல்லாம் வீண். தோலுரித்துச் சில வாரங்கள் கழித்து, உடல் இறுகி, நன்கு உண்ணத் தொடங்கிய பெண்ணே ஏற்றது.

ஆண் பெண்ணின் வலையைத் தொட்டதும் கால்களால் தரையைத் தட்டும். பெண் பதிலுக்குத் தட்டினால் நல்ல குறி. தட்டுவது சில சமயம் மேசையின் இந்தப் பக்கத்தில் இருப்பவர் காதுக்கே கேட்கும். ஆண் பெண்ணின் முன்னுடலை உயர்த்தி, குறுங்கால்களை மாறிமாறி நீட்டித் தன் வேலையை முடித்து, பின்வாங்கிப் பாயும். நீண்ட தூரிகை ஒன்றைக் கையில் வைத்திருங்கள், சண்டை மூண்டால் நடுவில் நீட்டலாம். நடுவில் கையை நீட்டாதீர்கள். ஆண் எப்படியும் முதிர்ந்த பிறகு நெடுநாள் வாழாது. சில மாதங்கள், மிஞ்சினால் ஓர் ஆண்டை ஒட்டி. பெண்ணோ சில இனங்களில் இருபது ஆண்டைக் கடந்து வாழும். இரண்டு ஆண்டுகளாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன் என்கிறீர்கள், உங்களிடம் இருப்பது முதிர்ந்த ஆண்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உரித்த தோலை ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெல்ல விரித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். முன்வரிசை நுரையீரல் தடங்கள் இரண்டுக்கும் நடுவே மடிப்பாக ஒரு சிறு பை தெரிந்தால் அது பெண். இரண்டு பெண்களைச் சேர்த்துவைக்கக் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

கேள்வி: தாய் டாரன்டுலா குஞ்சுகளுக்கு உண்மையிலேயே உணவு ஊட்டுகிறதா? எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இதைப் பற்றி விவாதம் நடந்தது.
மாணவி, பதினோராம் வகுப்பு, கோயம்புத்தூர்

பதில்: விவாதத்துக்கு உரிய கேள்விதான். ஊட்டுவது என்ற சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். சிலந்திகளில் தாய்மை பல படிகளில் இருக்கிறது. வயல்வரப்பில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிகிறது, ஊட்டுவதில்லை. ஸ்டெகோடைஃபஸ் பேரினத்துத் தாய்கள் தாம் உண்டதை நீர்மமாகக் கக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுக்கின்றன. இறுதியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடுகின்றன. இந்தப் பேரினத்தைச் சேர்ந்த சரசினோரம் என்ற இனம் இந்தியாவின் வறண்ட பகுதிகளில் முட்செடிகளிலும் வேலிகளிலும் கூட்டமாக வாழ்கிறது. காய்ந்த சருகும் பட்டும் கலந்த அழுக்குப் பொதிபோன்ற கூட்டைக் கண்டால் உங்கள் மன்றத்தார் ஒரு மாலைப்பொழுதை அதன் முன் செலவிடலாம். சீனாவில், எறும்பைப்போல் தோற்றம் கொண்ட குதிக்கும் சிலந்தி ஒன்று பாலைப் போன்ற நீர்மத்தைச் சுரந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது என்று 2018இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். முதல் இருபது நாட்கள் குஞ்சுகளுக்கு அது ஒன்றே உணவு, அதன் பிறகு அவை வெளியே சென்று இரை தேடினாலும், ஏறக்குறைய நாற்பதாம் நாள்வரை திரும்பி வந்து பாலும் குடிக்கின்றன.

டாரன்டுலாவிடம் இந்த இரண்டும் இல்லை, பாலும் இல்லை, கக்கிக் கொடுத்தலும் இல்லை. பால்ஃபோரியை வளர்ப்போர் பலரும் கண்டு சொல்வதும், நானே கண்டதும், இரையைப் பகிர விடுதல். அந்தக் காட்சியை அப்படியே சொல்கிறேன். பெரிய சுவர்க்கோழி ஒன்றை வளைவாயில் விட்டேன். தாய் பாய்ந்து கவ்வி, சில நிமிடம் பற்களில் வைத்திருந்தது. சிலந்திகள் மென்று விழுங்குவதில்லை, செரிமான நீரை இரையின்மேல் உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரை நெகிழ்ந்த வேளையில் பச்சைப் பயறு அளவு உடல் கொண்ட குஞ்சுகள் வளையின் ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தன. முதலில் வந்தது தாயின் முன்காலைத் தொட்டு நின்றது. தாய் அசையவில்லை. பிறகு அது காலின் அடியில் நுழைந்து இரையின் மறுமுனையைப் பற்றியது. கால் மணி நேரத்தில் ஏழெட்டுக் குஞ்சுகள் அந்த ஒரே இரையைச் சூழ்ந்து மொய்த்தன. தாய் இரையைக் கீழே விட்டுவிட்டுச் சற்றே பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

தாய் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததா, அல்லது தொந்தரவு பொறுக்காமல் விட்டதா என்று உங்கள் மன்றத்தில் யாராவது கேட்டால், அது நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். ஒரு காட்சியைக் கொண்டு அதைத் தீர்த்துவிட முடியாது. ஆனால் வேறு எந்த உயிர் அந்த வளைவாயைத் தொட்டாலும் மின்னலாய்ப் பாயும் அதே தாய், தன் குஞ்சின் கால் படுவதை வேறாக உணர்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதுவே எனக்குப் பெரிய வியப்பு.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கொட்டிலின் மரச்சட்டத்தில் புலிமுகச் சிலந்தி ஒன்று குஞ்சுகளோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொன்றுவிடச் சொல்லி அம்மம்மா நிற்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, வவுனியா

பதில்: கொல்ல வேண்டாம். அம்மம்மாவின் அச்சம் காரணமற்றது என்றும் நான் சொல்ல மாட்டேன். புலிமுகச் சிலந்திகள் பொயிசிலோதீரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. உலகத்தில் இவை இயற்கையாக வாழ்வது இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே. அமெரிக்க டாரன்டுலாக்களைப்போல் வயிற்றிலிருந்து உதறும் அரிப்பு மயிர்கள் இவற்றுக்கு இல்லை. ஆகவே நெருக்கினால் ஓடும், ஓட வழியில்லை என்றால் கடிக்கும். கடித்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததாகப் பதிவு இல்லை, ஆனால் கடும் வலியும், சிலருக்கு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டாகும். கடிபட்டால் சோப்பு நீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொட்டிலில் இரவில் வெறுங்கையால் விறகு எடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளை அந்தச் சட்டத்தருகே விளையாட விடாதீர்கள். இவ்வளவு எச்சரிக்கை போதும்.

இவை மரப்பொந்தில் வாழப் பிறந்தவை. முதுமரங்கள் குறையும்போது பழைய கட்டடங்களின் இடுக்கைத் தேடி வருகின்றன. உங்களுக்கு அருகில் நடந்ததையே பாருங்கள். 2009இல் மாங்குளத்தில் ஊர்மக்கள் ஓர் ஆண் சிலந்தியைக் கொன்று ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து காட்டினார்கள். தேடிப்போனபோது மேலும் சில சிலந்திகள் மரங்களிலும், மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் கிடைத்தன. அதுவரை அறிவியல் அறியாத இனம் அது. தேடலில் அவர்களுக்குத் துணைநின்ற காவல்துறை அதிகாரி மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் நினைவாகப் பொயிசிலோதீரியா ராஜாயீ என்று பெயர் சூட்டி, 2012இல் வெளியிட்டார்கள். கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். உங்கள் கொட்டிலில் இருப்பது அந்த இனமாகவும் இருக்கக்கூடும்.

குஞ்சுகளோடு இருக்கும் தாயை இடம்மாற்ற முயலாதீர்கள். பிடிக்கப்போனால் தாய் பாயும், குஞ்சுகள் சிதறும், பாதி மடியும். இந்தப் பேரினத்தில் குஞ்சுகள் தாயின் பொந்திலேயே சில காலம் தங்கிவிட்டுத் தாமாகவே ஒவ்வொன்றாக வெளியேறும். கொட்டிலில் சுண்ணாம்பு அடிப்பது, மருந்து தெளிப்பது, விளக்கு மாட்டுவது போன்ற வேலைகளைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். அதன் பிறகும் அம்மம்மா பொறுக்க மாட்டார் என்றால், பகல் வேளையில் வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தலைச் சிலந்தியின்மேல் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையை நுழைத்து, வளவின் எல்லையில் உள்ள பொந்து விழுந்த பழைய மரம் ஒன்றில் விட்டுவிடலாம். கரப்பானையும் பூச்சியையும் தின்று உங்களுக்கு உதவிக்கொண்டுதான் அது அங்கே இருக்கிறது என்பதையும் அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சேலம் பகுதியில் காணப்படும் பொயிசிலோதீரியா இனத்தை முட்டைப்பையோடு பிடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அழிந்துவரும் இனம் என்பதால் வீட்டில் வளர்த்துப் பெருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன். செய்யலாமா?
வாசகர், சென்னை

பதில்: செய்யக் கூடாது. உங்கள் எண்ணம் நல்லது என்பதை நம்புகிறேன், ஆனால் வழி தவறு. பையோடு இருக்கும் ஒரு பெண்ணைக் காட்டிலிருந்து எடுப்பது, அந்தப் பொந்தின் வரவிருக்கும் தலைமுறை முழுவதையும் எடுப்பதாகும். பிடிக்கிறவர் பொந்தைப் பிளந்தே எடுப்பார் என்பதால் வீடும் போகும்.

சேலத்துப் பொயிசிலோதீரியா ஃபொர்மோசாவை 1899இல் பெயரிட்டு அறிவித்தவரும் போகாக்தான். அதே ஆண்டில் அவர் அரக்கோணத்திலிருந்து கிடைத்த ரெகாலிஸ் இனத்தையும், ஆந்திரத்துக் குத்தி என்ற ஊரில் கிடைத்த நீல நிற மெட்டாலிகா இனத்தையும் அறிவித்தார். மெட்டாலிகா கிடைத்த இடம் குத்தி இரயில் நிலையத்து விறகுக் கிடங்கு. எங்கோ வெட்டிய மரத்தோடு இரயிலில் வந்திருக்க வேண்டும். அதன்பின் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி காணப்பட்டது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டிகளில் அது பெருகிக் கிடக்கிறது. ஆனால் அதன் சொந்தக் காட்டில் அது மிக அருகிய இனமாகவே நீடிக்கிறது. அது பெட்டியில் பெருகியது காட்டில் ஒரு மரத்தைக்கூடக் காப்பாற்றவில்லை. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கண்டெடுத்து, 2004இல் அக்கோயிலின் பெயரையே இட்டு அறிவித்த அனுமவிலாசுமிகா இனத்தின் நிலையும் அதுதான். அது வாழும் மரங்கள் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

சட்டமும் இடம் தராது. பொயிசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம், அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட உயிரினங்களுக்குத் தனி அட்டவணை வகுத்து, வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. காட்டில் பிடித்ததை யாரும் உங்கள் பெயரில் பதிவு செய்து தர மாட்டார்கள். அந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஆசைக்கு வேறு வழி உண்டு. சேலத்தை ஒட்டிய ஊர்களில் உங்களுக்கு உறவோ நட்போ இருந்தால், பட்டுப்போன மரம் என்று வெட்டப்பட இருக்கும் பழம்புளியையும் பொந்து விழுந்த வேம்பையும் நிற்க விடச் சொல்லிக் கேளுங்கள். சிலந்திக்கு வேண்டியது அந்தப் பொந்துதான்.

கேள்வி: பால்ஃபோரிக் குஞ்சுகள் தாயோடு நான்கு மாதமாக இருக்கின்றன. இனி எப்போது பிரிப்பது? அதுவரை என்ன உணவு? ஒன்றையொன்று தின்னாதா?
வாசகர், பெர்லின்

பதில்: உணவு போதுமான அளவு இருக்கும்வரை தின்பது அரிது. ஆகவே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை உணவில்தான் இருக்கிறது. வாரம் இருமுறை, தாய்க்கு ஏற்ற பெரிய இரை ஒன்றும், அதே வேளையில் பெட்டியின் நாலைந்து இடங்களில் சிறு இரைகளும் இடுங்கள். சிறு சுவர்க்கோழி, கரப்பான் குஞ்சு, நறுக்கிய மாவுப்புழு எதுவும் ஆகும். ஒரே இடத்தில் குவித்தால் வலுத்தவை மட்டும் உண்டு பெருக்கும், மெலிந்தவை மெலிந்தே போகும். அந்த அளவு வேறுபாடுதான் பிறகு ஒன்று மற்றொன்றை இரையாகக் காண்பதற்கு வழிசெய்கிறது. மறுநாள் காலை மீந்த இரையை எடுத்துவிடுங்கள். தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் குஞ்சைப் பசித்த சுவர்க்கோழி கடித்துக் குதறிவிடும். பல வீடுகளில் உடன்பிறந்தவற்றின்மேல் சுமத்தப்படும் பழி உண்மையில் சுவர்க்கோழியைச் சேர வேண்டியது.

பிரிப்பதற்கு நாள் குறித்த விதி இல்லை. இடமும் உணவும் இருந்தால் இந்த இனம் ஓராண்டுக்கு மேலும் சேர்ந்து வாழும். குஞ்சுகள் வளைக்குள் செல்லாமல் பெட்டியின் மேல்மூலைகளில் தனித்தனியே ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினாலோ, கால் இழந்தவை தென்பட்டாலோ, அன்றே பிரியுங்கள். வளர்ந்து ஆண் என்று தெரிந்தவற்றை முதிர்வதற்கு முன்பே எடுத்து, வேறொரு வளர்ப்பாளரின் வழியில் வந்த ஆணோடு மாற்றிக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவை தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே சேர்வது நல்லதன்று. வெளியிலிருந்து வாங்கிய குஞ்சை இந்தக் குடும்பத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள். தன் குஞ்சின் காலை அறியும் தாய், அதன் காலை இரையின் கால் என்றே அறியும்.

பிரிக்கும் நாளில் பெட்டியைப் பெரிய நெகிழித் தொட்டி ஒன்றுக்குள் வைத்துத் திறங்கள். தப்பியோடுவது தொட்டிக்குள்ளேயே நிற்கும். முதலில் தாயை நீண்ட கவ்வியும் டப்பாவும் கொண்டு தனியே எடுத்து மூடிவிட்டு, பிறகு மரப்பட்டையைப் பெயர்த்துக் குஞ்சுகளை மென்தூரிகையால் ஒவ்வொன்றாகச் சிறு டப்பாக்களுக்குள் தள்ளுங்கள். ஆனால் தாயின் வயிறு கருத்து மினுங்கி, அது சில வாரமாக உண்ணாமல் இருக்கிறது என்றால், தோலுரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது எதையும் தொடாதீர்கள். அது மல்லாந்து படுத்துத் தோலுரித்து, பற்கள் வெளுப்பிலிருந்து கறுப்பாகி இறுகும்வரை, குஞ்சுகளுக்கு மட்டும் சிறு சிறு இரையாக, இறந்தவற்றையே நறுக்கிக் கொடுத்துவாருங்கள்.